ஒரு சோறு பதமா?

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகிப்பது மனிதனுக்குப் பிறவிக் குணம். புகையைக் கண்டால் நெருப்பு என்கிறோம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்குகிறோம். இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட வாழ்க்கை ஓடாது. ஆனால் இதற்கு எல்லை ஏதாவது உண்டா? ஊகிக்க எனக்குள்ள உரிமை எந்த இடத்தில் முடிகிறது? இதைப்பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஹெலிகாப்டரின் வால்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

2011-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, நள்ளிரவு கழிந்தபின், பாகிஸ்தானிலுள்ள அபோட்டாபாத் நகரில் ஒஸாமா பின் லாடன் ஒளிந்திருந்த வீட்டில் அமெரிக்கப் படையினர் இறங்கினார்கள். அவர்கள் வந்த ஹெலிகாப்டர்களில் ஒன்று மதிலுக்குள் விழுந்து முடங்கிப்போயிற்று. திரும்பும்போது அதைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். உடல் எரிந்தது, வால் மட்டும் மதிலோரம் தப்பிக் கிடந்தது. பொழுது விடிந்ததும் அந்த வாலின் படம் உலகமெங்கும் பரவிற்று.

விமானப் பித்தர்கள் என்று ஒரு கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. ராகத்தின் முதல் பிடியிலேயே அதன் பெயரைச் சொல்லிவிடும் ரசிகர்களைப்போல, இறக்கையின் சாயலைக் கண்டே விமானத்தின் பெயரையும் வயதையும் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் இந்த வாலைப் பார்த்துத் திகைத்தார்கள். யாருக்கும் பெயர் தெரியவில்லை. ‘பிளாக் ஹாக்’ ஹெலிகாப்டரின் வால் விசிறிக்கு நான்கு இறக்கைகள். இதற்கு அதைவிட அதிகம். விசிறியின் நடுவே தட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு மூடி. மேற்பரப்பும் பழகிய ஹெலிகாப்டர்களில் காணாத வகையில் மழமழவென்றிருந்தது.

அவர்கள் யோசித்தார்கள். இறக்கைகள் அதிகமானால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். மெதுவாகச் சுழன்றால் சத்தம் குறையும். மூடியும் மழமழப்பும் ரேடாரின் கண்ணிலிருந்து தப்புவதற்காக இருக்கலாம். இதுவரை எல்லாம் ஒழுங்கான சிந்தனை. ஒவ்வொரு முடிவுக்கும் அந்த வாலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

ஆனால் மனம் அதோடு நிற்குமா? சில நாட்களுக்குள் முழு ஹெலிகாப்டரின் படங்கள் கிளம்பிவிட்டன. மூக்கு இப்படி, கதவு இப்படி, சக்கரம் உள்ளே மடங்குவது இப்படி! பழைய பிளாக் ஹாக்கை மாற்றிச் செய்தது என்றனர் சிலர். முற்றிலும் புதுப் பிறவி என்றனர் வேறு சிலர். 2004-இல் அமெரிக்கா கைவிட்ட ‘கொமான்சி’ ஹெலிகாப்டருக்கு இது உறவு என்றவர்களும் உண்டு. வாலையோ பாகிஸ்தான் அதே மே மாதத்திலேயே அமெரிக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இதற்கு முன்னும் இப்படி ஒன்று நடந்தது. ரேடாருக்குத் தெரியாத விமானம் ஒன்றை அமெரிக்கா ரகசியமாகச் செய்திருக்கிறது என்ற பேச்சு அடிபட்ட காலம். 1986-இல் ‘டெஸ்டார்’ என்ற பொம்மைக் கம்பெனி அதை ஊகித்து ‘எஃப் 19’ என்ற பெயரில் ஒரு பொம்மை விமானத்தை விற்றது. வளைந்து வழுவழுவென்று அழகாக இருந்தது. 1988 நவம்பரில் அமெரிக்க அரசே அசல் விமானத்தின் படத்தை வெளியிட்டது. பெயர் ‘எஃப் 117’. வைரத்துக்குப் பட்டை தீட்டினாற்போலத் தட்டைத் தட்டையான முகங்கள். எங்கு பார்த்தாலும் கோணல். விமானம் இருக்கிறது என்ற ஊகம் பலித்தது. அதன் உருவத்தைப் பற்றிய ஊகம் பொய்த்தது.

ஏன் பொய்த்தது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெய்தான். ஆனால் பானைக்குள் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. அதனால்தான் அது மெய். மலையில் புகையைக் கண்டவன் நெருப்பு என்று சொல்ல முடிவது, அவன் தன் வீட்டு அடுப்பங்கரையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பதால்தான் என்று தர்க்க சாஸ்திரக்காரர்கள் சொல்வார்கள். புதிதாகப் பிறந்த ஒன்றுக்கு அடுப்பங்கரை ஏது?

பித்தர்கள் மட்டுந்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். அந்த ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தவர்களும் ஊகத்தை நம்பித்தான் வந்தார்கள். அபோட்டாபாத் வீட்டைப் போலவே ஒன்றைத் தங்கள் நாட்டில் அமைத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆனால் அங்கே மதிலுக்குப் பதில் கம்பி வேலி. விசிறி கீழே தள்ளிய காற்று வேலியின் சந்துகளில் புகுந்து வெளியேறிவிட்டது. நிஜ வீட்டின் உயர்ந்த மதில் அதைத் திருப்பியடித்தது. விபத்துக்கு இப்படித்தான் விளக்கம் சொன்னார்கள். யந்திரத்தின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர்களுக்கு மதிலுக்குள் காற்று என்ன செய்யும் என்பது தெரியாமற் போயிற்று.

“அதனால் என்ன குடி முழுகிவிட்டது? ஒருவன் ஆசைக்கு ஒரு படம் போட்டுப் பார்க்கக் கூடாதா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தாராளமாகப் போடலாம். துணிந்து ஊகிக்காதவனுக்கு அறிவு வளர்வதில்லை. நானே கதை எழுதுகிறவன். தேய்ந்த செருப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு நடந்தவனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை, கடன், கவலை எல்லாம் உண்டாக்கிவிடுகிற தொழில் என்னுடையது. ஆனால் மேலே ‘கதை’ என்று போட்டுத்தான் அதை விற்கிறேன். வால் எங்கே முடிந்தது, தன் பென்சில் எங்கே தொடங்கியது என்று அறிந்து வரைகிறவனிடம் எனக்கு வழக்கில்லை.

என் பயமெல்லாம் யந்திரங்களைப் பற்றியதன்று. ஹெலிகாப்டரைத் தப்பாக வரைந்தால் ஹெலிகாப்டருக்கு நோவதில்லை. என்றாவது ஒருநாள் திரை விலகினால் படத்தைத் திருத்திக்கொள்ளலாம். மனிதர்கள் விஷயம் அப்படியா? வீட்டில் மோதிரம் காணாமற்போன வாரத்தில் வேலைக்காரி புதுச் சேலை கட்டி வருகிறாள். அந்த ஒரு சேலையிலிருந்து முழுத் திருடி ஒருத்தியை நாம் வரைந்துவிடுகிறோம். அவளுடைய மௌனம், அவசரம், கண்ணீர் எல்லாம் அந்தப் படத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகின்றன. மோதிரம் நெல் குதிரில் அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். அதுவரை, நாம் வரைந்த படத்துக்குள்ளே அல்லவா அவள் வாழவேண்டியிருக்கிறது? வேறு வீட்டில் அவளுக்கு வேலை கிடைக்குமா?

அபோட்டாபாத் வால் ஒரு ஹெலிகாப்டரின் வால் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புதுச் சேலை ஒரு புதுச் சேலைதான் என்பதிலும் சந்தேகம் இல்லை. அதற்குமேல் சொல்வதெல்லாம் நம் சரக்கு. அதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், ‘இது என் சரக்கு’ என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சேலைக்காரியின் முன்னால் நின்று அப்படிச் சொல்ல நமக்குத் துணிவில்லை என்றால், அந்த ஊகத்தை வாய்க்கு வரவிடாமல் வைத்துக்கொள்வதே தர்மம்.