உமிழும் விவேகம்

ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் பயின்று, 1975ஆம் ஆண்டில் லண்டனில் மது வர்த்தகப் பத்திரிகையொன்றின் உதவியாசிரியராக அமர்ந்து, வியாபாரிகளுக்கே உரியதாயிருந்த ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பட்டத்தை அவ்வியாபாரத்துக்குப் புறம்பானவர்களில் முதல்வராக 1984இல் பெற்று, 1989இல் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ பத்திரிகையில் திராட்சை மதுவைப் பற்றி எழுதத் தொடங்கிய ஜான்சிஸ் ராபின்ஸன் அம்மையாரின் வரலாற்றைக் கேட்போர், அவர் நாளெல்லாம் குடித்துக் களித்தவர் என்றே எண்ணக்கூடும். உண்மையோ நேர்மாறு.

மது விமர்சகரின் மேஜைமீது கிண்ணங்களோடு உமிழ்பாத்திரமும் தவறாமல் இருக்கும். ஒரே நாளில் ஐம்பது அறுபது வகைகளையும் முகர்ந்து, நாவில் உருட்டி, விழுங்காமல் துப்பிவிட்டு, பெயர்ச்சீட்டு மறைக்கப்பட்ட புட்டியிலுள்ளதன் குணதோஷங்களை, விலைக்கும் கீர்த்திக்கும் மயங்காமல் குறித்துவைப்பதே அவர் வித்தை. ருசிப்பதற்கு நாக்கு ஒன்றே போதும். தீர்ப்புக் கூறுவதற்கோ, வாய்க்கு எட்டிய இன்பத்தைத் தொண்டைக்குக் கீழே இறங்கவொட்டாமல் நிறுத்தும் நிதானமும் வேண்டும்.

கலையாயினும், அரசியலாயினும், நண்பர் சொல்லும் புகழுரையாயினும், சுவைத்துப் பாருங்கள்; ஆனால் மயங்கியவன் சொல் சாட்சியாகாது என்பதை மறவாதீர்கள்.