இறந்தவர்களுக்காக மன்னிப்பு கேட்கலாமா?

முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காகப் பெனின் நாட்டின் கொட்டோனுவில் இருந்தபோது, ஓய்வு கிடைத்தால் நாற்பது கிலோமீட்டர் மேற்கேயுள்ள உய்டாவுக்குப் போய்விடுவேன்.   

உய்டாவில் மலைப்பாம்புக் கோயிலும் கத்தோலிக்கப் பேராலயமும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கிருந்து கடலுக்குப் போகும் மண்சாலை வழியாகத்தான் அடிமைகளை நடத்திச் சென்றார்கள். ஊர் நினைவெல்லாம் மறந்துபோக, ஆண்களை ஒன்பது முறையும் பெண்களை ஏழு முறையும் ஒரு மரத்தைச் சுற்றவைத்தார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. மறதி வாய்க்கவில்லை, அடிமைகள் கடல் கடந்து கொண்டுசென்ற லெக்பா தெய்வத்தை ஹைட்டியில் இன்றும் கும்பிடுகிறார்கள்.

அவர்களைப் பிடித்து விற்றது அன்று அந்தப் பகுதியை ஆண்ட தஹோமி அரசு, வாங்கியவை ஐரோப்பியக் கப்பல்கள். இந்த விற்பனைக்காக 1999இல் பெனின் அதிபர் மத்தியூ கெரெகூ அமெரிக்காவில் மன்னிப்பு கேட்டார். ஆனால் இன்று விற்றவரும் இல்லை, விற்கப்பட்டவரும் இல்லை. யார் கேட்பது, யார் கொடுப்பது? பாவம் பரம்பரைச் சொத்தல்ல என்றே நம்புகிறேன். பேரனைக் குற்றவாளியாக்குவது அநீதி. ஆனால் அந்தப் பணத்தில் எழுந்த அரண்மனையைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமூகம், கடனை மட்டும் எனதல்ல என்று தள்ளிவிட முடியாது. மன்னிப்பைக் கொடுக்க ஆளில்லாவிட்டாலும் கடன் நிற்கிறது.

2024இல் பெனின், அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. கெரெகூவின் சொல்லைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.