எந்த நாட்டுப் பிரஜை நீ?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 22:25-29, எபேசியர் 2:19, பிலிப்பியர் 3:20



நம்ம ஊர் எல்லை ஊர். ஓசூரிலே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலே அத்திப்பள்ளி, கர்நாடகா வந்துவிடும். நீ எந்த ஊர்க்காரன், பேப்பர் எங்கே என்று யாரும் நம்மை நிறுத்திக் கேட்பதில்லை. காலை ஷிஃப்டுக்குப் போகிறோம், ராத்திரி வீடு திரும்புகிறோம். அதனாலே குடியுரிமை என்கிற சிலாக்கியத்தின் அருமை நமக்குத் தெரிகிறதில்லை. இல்லாதவனைக் கேட்டால்தான் தெரியும்.

நம்முடைய ஆராதனைக்கு முகாமிலிருந்து ஒரு தாயார் வருகிறார்கள். 1990-ல் இலங்கையிலே யுத்தம் மறுபடி மூண்டபோது படகேறி வந்து, மண்டபம் முகாமிலே பதிந்து, பிற்பாடு நம்ம மாவட்டத்து முகாமுக்கு வந்தவர்கள். மகன் இங்கேதான் பிறந்தான். ஐ.டி.ஐ. படித்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது தேறியும் விட்டான். பாஸ்போர்ட் கொண்டுவா என்றார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டும் இல்லை, இலங்கைப் பாஸ்போர்ட்டும் இல்லை. பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை.

தேவபிள்ளைகளே, இந்த இடத்திலே உங்கள் போதகனாகிய நான் ஒரு காரியத்தை அறிக்கை செய்யவேண்டும். அந்தத் தாயாரிடத்திலே நான், "அம்மா, இதுக்கென்று ஆள் இருக்கிறான், பணம் கொடுத்தால் பேப்பரை மாத்தி எழுதித் தருவான், விசாரிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தத் தாயார் என் முகத்தைப் பார்த்து, "வேணாம் பாஸ்டர். பொய் எழுதி வாற நாடு எங்களுக்கு வேணாம்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முழங்காலிலே நின்று அழுதேன். அப்போதுதான் கர்த்தர் அப்போஸ்தலர் 22-ம் அதிகாரத்துக்கு என்னைக் கொண்டுபோனார்.

எருசலேம் கோட்டையிலே பவுலை வாரினால் அடிக்கக் கட்டுகிறார்கள். பவுல் கேட்ட ஒரே கேள்வியிலே கட்டினவர்கள் விலகிப்போனார்கள். அவர் ரோமன். சேனாபதி லீசியா, தான் மிகுந்த பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்கினதாகச் சொல்கிறான். பவுலோ அதற்குள்ளே பிறந்தவர். இதிலே இரண்டு வழிகளைப் பார்க்கிறோம்: பிறப்பு ஒன்று, கிரயம் ஒன்று.

நம்முடைய தேசத்தின் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திலே பிறப்பு, வம்சம், பதிவு, நீண்டகால வாசம் ஆகிய வழிகள் இருக்கின்றன. 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்த மண்ணிலே பிறந்தவர் பெற்றோர் யாராயிருந்தாலும் பிரஜைதான். மண்டபம் முகாமிலே 1986-ல் பிறந்த ஒரு சகோதரி இதைச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போய், பாஸ்போர்ட் பெற்று, 2024-ல் ஓட்டும் போட்டார்கள். ஆனால் 1.7.1987-க்குப் பிறகு பிறந்தவனுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராயிருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இன்னும் கடினம்: ஒருவர் இந்தியராயிருந்து, மற்றவர் சட்டவிரோதமாய் வந்தவராயிருக்கவும் கூடாது. நம்ம தாயாரின் மகன் சில வருஷம் பிந்திப் பிறந்துவிட்டான்!

வாசத்தினாலே பெறவேண்டுமானால், விண்ணப்பத்துக்கு முந்தின 12 மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தின 14 வருஷத்தில் மொத்தம் 11 வருஷமும் இங்கே இருந்திருக்கவேண்டும். நல்லொழுக்கம் வேண்டும், நம் தேசத்து மொழி ஒன்று தெரியவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாய் இங்கே இருக்கிறவர்களுக்கு இது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகிலே வந்தவர்களைச் சட்டம் சட்டவிரோதமாய் வந்தவர்கள் என்று எழுதிவிட்டது. அவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. 2019-ம் ஆண்டின் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசத்தாருக்கு வழி திறந்தது. அதிலே இலங்கை இல்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பேரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. 2025-ல் மத்திய அரசு, 9.1.2015-க்குள் வந்து பதிந்திருக்கிற இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனாலும் தண்டனை இல்லை என்பது வேறு, பிரஜை என்பது வேறு.

பிரியமானவர்களே, இந்த இடத்திலே சுவிசேஷம் பிரகாசிக்கிறது! நாமெல்லாரும் பரலோக ராஜ்யத்துக்கு விசா இல்லாமல் வந்து நின்றவர்கள்தானே? பாவத்தினாலே அந்நியர். நமக்கும் விண்ணப்பிக்கிற தகுதியே இல்லாதிருந்தது. தேவன் நமக்கு என்ன செய்தார்?

1. பிறப்பினாலே சேர்த்தார். மறுபடியும் பிறவாதவன் அந்த ராஜ்யத்தைக் காணமாட்டான் என்று ஆண்டவர் நிக்கொதேமுவுக்குச் சொன்னார் (யோவான் 3:3). தகப்பன் யார், எந்த வருஷம் பிறந்தாய் என்கிற கேள்வி அங்கே இல்லை. பாஸ்டர் மகனும் மறுபடி பிறந்தாகவேண்டும், முகாம் பிள்ளையும் மறுபடி பிறந்தாகவேண்டும்.

2. கிரயத்தினாலே சேர்த்தார். லீசியா தன் பணத்தைக் கொடுத்தான். நமக்காகவோ குமாரன் தம்முடைய இரத்தத்தைக் கொடுத்தார் (1 பேதுரு 1:18,19). இரசீது கல்வாரியிலே இருக்கிறது. அல்லேலூயா!

3. பேரெழுதிச் சேர்த்தார். சங்கீதம் 87-ஐ வாசித்துப் பாருங்கள். பாபிலோனியனையும் பெலிஸ்தனையும் எத்தியோப்பியனையும் சீயோனிலே பிறந்தவனாகக் கர்த்தரே பதிவு செய்கிறார். கலெக்டர் ஆபீசிலே ஃபைல் தொலைந்து போகலாம். ஜீவபுஸ்தகத்திலே அப்படி நடக்காது.

4. பழையதை விட்டுவிடச் சொன்னார். இந்தியா இரண்டு குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. புதுசாய்ப் பிரஜையாகிறவன் பழைய தேசத்தை விட்டுவிட்டு உறுதிமொழி எடுக்கவேண்டும். ரூத் அப்படித்தான் மோவாபை விட்டு நகோமியோடே நின்றாள். நீயோ ஞாயிற்றுக்கிழமை பரலோகப் பிரஜை, சம்பள நாளிலே டாஸ்மாக் பிரஜை! இரண்டு பாஸ்போர்ட் செல்லாது தம்பி.

சரி, பரலோகக் குடியுரிமை இருக்கிறதே, பூலோகப் பேப்பர் எதற்கு என்று யாரும் சொல்லாதிருங்கள். பவுல் அப்படிச் சொல்லவில்லை. தன் உரிமையைக் கேட்டார், இராயனுக்கு அபயமிட்டார் (அப். 25:11). ஆகையால் முகாமிலிருக்கிற அருமையானவர்களே, ஜெபமும் பண்ணுங்கள், மனுவும் போடுங்கள். பிறந்த தேதிச் சான்று, பதிவு அட்டை, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரமாய் வையுங்கள். முப்பாட்டனார் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் போனவர் என்றால் அந்தப் பழைய காகிதத்தையும் தேடுங்கள். 1964 அக்டோபரிலே செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத்தார் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாய்ச் சொல்லியிருந்தது. அந்த வம்சத்திலும் சிலர் முகாமிலே இருக்கிறார்கள். புரோக்கரிடத்திலே மட்டும் போகாதிருங்கள். பொய்ப் பேப்பர் பிடிபட்டால் இருக்கிற நிழலும் போய்விடும்.

சபையாருக்கு ஒரு வார்த்தை. அந்நியனைச் சுதேசியைப்போல எண்ணி, உன்னைப்போல நேசி என்று லேவியராகமம் 19:34-ல் கர்த்தர் கட்டளையிடுகிறார்; நீங்களும் எகிப்திலே அப்படி இருந்தீர்களே என்று ஞாபகப்படுத்துகிறார். முகாம் பெண்ணை மருமகளாய் எடுக்க யோசிக்கிற விசுவாசியே, மோவாபியப் பெண்ணைப் போவாஸ் ஏற்றுக்கொண்டதினாலே அல்லவா தாவீது பிறந்தான்? அவர்களை "முகாம்காரங்க" என்று சொல்லிக் கடைசிப் பாயிலே உட்காரவைக்கிற பழக்கம் நம் சபையிலே இருந்தது. இந்த வாரத்தோடே அது நிற்கட்டும்.

அந்த மகன் இப்போது ஓசூரிலே ஒரு சின்னப் பட்டறையிலே லேத் ஓட்டுகிறான். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. ஆனால் போன மாதம் ஞானஸ்நானம் எடுத்தான். தண்ணீரிலிருந்து ஏறினவுடனே அவன் தாயார் சொன்னது: "இப்ப இவனுக்கு ஒரு நாடு இருக்கு பாஸ்டர்." எனக்குப் பேச்சு வரவில்லை.

நண்பனே, ஆதார் இருக்கிறது, ஓட்டர் ஐடி இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. ஜீவபுஸ்தகத்திலே உன் பேர் இருக்கிறதா? அங்கேயும் வாசல் அடைக்கப்படுகிற ஒரு நாள் உண்டு (மத்தேயு 25:10). இன்றைக்குத் திறந்திருக்கிறது. ஜெபிப்போமா?

அன்பின் பரம பிதாவே, அந்நியராயிருந்த எங்களை உம்முடைய வீட்டாராக்கினீர், ஸ்தோத்திரம். பொய்யான வழியைக் காட்டின என் வாயை மன்னியும். முகாமிலே காத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்கு அதிகாரிகளின் கண்களிலே தயவு கிடைக்கப்பண்ணும். எங்கள் எல்லார் பேரையும் உமது புஸ்தகத்திலே காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபங்கேளும் பிதாவே. ஆமென். மாரநாதா!