நாய்க்குட்டியின் தட்டும் நம் விரதமும்



இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்களுள் தலையாயது கொல்லாமை. இவ்விரதத்திற்கு மாசு விளைக்கும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். உயிர்களைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகையாகப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதல் நான்கையும் கண்டால் பதறுகிறோம். ஐந்தாவதாகிய அன்னபான நிரோதமோ, நாம் அறியாமலே நம் வீட்டினுள் நிகழ்ந்துவிடக் கூடும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் கிடங்குக்கும் பட்டறைக்கும் காவலாகவும், பிள்ளைகளுக்குத் துணையாகவும் நாய்க்குட்டி வளர்ப்போர் உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் திரியும் தெருநாய் அங்குச் சிந்திய மீனைத் தின்று வளர்கிறது. ஊன் புகாத இல்லத்துக் குட்டிக்கோ நாம் வைக்கும் தட்டு ஒன்றே கதி. அத்தட்டில் நாள்தோறும் பால்சோறு மட்டுமே இருந்தால் வயிறு நிறையும், உடல் வளராது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது நூற்றுக்கு 22.5 பங்கு புரதம் வேண்டும் என்பது கால்நடை உணவியலார் பின்பற்றும் அமெரிக்க அளவுகோல். வளர்ந்த நாய்க்கு 18 பங்கு போதும். 100 கிராம் அரிசியும் 200 மில்லி பாலும் சேர்ந்த உணவில் புரதம் ஏறத்தாழ 12 பங்குதான்; தேவையில் பாதியளவே. தாய்நாயின் பாலிலோ பசும்பாலைப் போல் இருமடங்குக்கும் மேலான புரதம் உண்டு. தாயிடமிருந்து பிரித்துக் கொணர்ந்த நாம், அத்தாய் கொடுத்ததில் பாதியையும் கொடாதிருப்பது தயையாகுமா? புரதம் குன்றினால் தசை மெலியும், மயிர் உதிரும், வளர்ச்சி குன்றும், நோயை எதிர்க்கும் ஆற்றல் தேயும்.

“அப்படியாயின் ஊன் வாங்கி ஊட்டுவதா?” என்று கேட்பீர்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்விப்பது அறமாகாது. ஆயினும் நாயின் இயல்பை அறிந்தால் வழி பிறக்கும். மனிதரோடு வாழ்ந்த நாய், மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. அதற்கு உணவிலிருந்து கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்கள் பத்து. அரிசியில் குறைந்த லைசினைப் பருப்பு ஈடுசெய்கிறது. பருப்பில் குறைந்த மெத்தியோனினை அரிசியும் பாலும் ஈடுசெய்கின்றன. முற்கூறிய பால்சோற்றில் 50 கிராம் துவரம்பருப்பை வேகவைத்துச் சேர்த்தாலும் புரதம் 15 பங்கு அளவிலேயே நிற்கும். மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டை 50 கிராம் சேர்த்தால் 25 பங்கை எட்டும். பன்னீரும் துணையாகும்.

புரதம் மட்டும் போதுமென்று கருதவும் வேண்டா. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் அளவோடு வேண்டும். வெயில் பட்டாலும் நாயின் தோல் போதிய வைட்டமின் டி உண்டாக்குவதில்லை. ஆதலால் ஊனில்லா உணவில் குட்டியை வளர்க்க விழைவோர், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் குட்டியைக் காட்டி, எடைக்கேற்ற அளவையும் துணைச்சத்துகளையும் கேட்டறிந்தே தொடங்க வேண்டும். நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. நாம் விரும்பி உண்ணும் உலர்திராட்சையோ அதன் சிறுநீரகத்தைக் கெடுப்பது. பூனையின் நிலை வேறு. ஊனுணவின்றி அதன் உடல் நிலைபெறுவது அரிது. ஆகவே அதனைக் கொணராதிருப்பதே நமக்கு அறம்.

திருவொற்றியூரில் சமாதி கொண்ட பட்டினத்தார், ஓடும் நாயும் வைத்திருந்த பத்திரகிரியாரைச் சமுசாரி எனச் சுட்டியதாகச் சைவர் மரபில் ஒரு கதை வழங்குகிறது. நாயை வைத்திருப்பவன் குடும்பி. குடும்பிக்குக் கடமை உண்டு என்பதை நாமும் அதிலிருந்து கொள்ளலாம்.

நம் சீவகசிந்தாமணியில், அடிபட்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் எனும் தேவனாகிப் பின்னாளில் சீவகனையே கொலைக்களத்தினின்று மீட்டது. அந்நாய்க்கு நேரம் கடந்துவிட்டதால் மந்திரம் ஒன்றையே சீவகனால் தர முடிந்தது. நம் வாயிற்படியில் வாலாட்டும் குட்டிக்கு நேரம் இருக்கிறது. அதன் செவிக்கு முன் அதன் தட்டை நாம் நினைக்க வேண்டும்.

உண்ணாநோன்பு நாம் அறிந்து, விரும்பி ஏற்பது. அதனால் வினை உதிரும். குட்டி எந்த விரதமும் ஏற்கவில்லை. அதன்மேல் நாம் சுமத்தும் குறையுணவு தவமாகாது, பட்டினியே ஆகும். கவனமின்மையாகிய பிரமாதமே இம்சையின் வேர் என்பது ஆசாரியர் காட்டிய நெறி. அறிந்து ஊட்ட இயலுமாயின் வளர்ப்போம். இயலாதெனின், முறையாய்ப் பேணும் நல்லோர் கையில் சேர்ப்போம். இரண்டும் செய்யாது பால்சோற்றைக் காட்டி, “நாங்கள் ஊன் தொடாதவர்” என்று பெருமை கொள்ளாதிருப்போம்.

எல்லா உயிர்க்கும் நலம் விளைக! வளர்க ஜினதருமம்!