காரணம் தெரியாத நோயும் நாம் கற்பிக்கும் காரணமும்



ஒருவர் உடலில் வெள்ளைத் திட்டு தோன்றினால், சுற்றியுள்ளோர் முதலில் கேட்பது "ஏன் வந்தது?" என்பதே. மருத்துவம் இதற்குப் பாதி விடைதான் தருகிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் தற்காப்புச் சக்தியே அழித்து விடுவதால் அவ்விடம் வெளுக்கிறது. அது ஒருவருக்கு ஏன் தொடங்குகிறது, எதுவரை பரவும் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. தொட்டால் ஒட்டாது, உயிருக்கும் ஆபத்தில்லை.

மீதி விடையை நாமே நிரப்பிக் கொள்கிறோம். மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்பார் ஒருவர். இதற்குச் சான்றில்லை. முன்வினை என்பார் மற்றொருவர். வினைக்கொள்கை, நம்மை நாமே திருத்திக் கொள்வதற்காகப் பெரியோர் சொல்லிச் சென்றது. பிறருடைய கணக்கைப் பார்க்கும் உரிமையை அது நமக்குத் தரவில்லை. துன்பப்படுபவர் எதிரே நிற்கும்போது நமக்குத் தெரிந்த வினை ஒன்றுதான்: அவரை நாம் நடத்தும் விதம்.

பெயரிலும் ஒரு தீங்கு இருந்தது. இதை 'வெண்குஷ்டம்' என்றே அழைத்து வந்தோம். தொழுநோய் கிருமியால் வருவது. அக்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். வெள்ளைத் திட்டுக்குக் கிருமி கிடையாது. பாதிக்கப்பட்டோர் அமைப்பின் முயற்சியால், 'வெண்புள்ளிகள்' என்றே வழங்க வேண்டுமெனத் தமிழ்நாடு அரசு 2010இல் ஆணையிட்டது. இதனால் தொழுநோயாளரை ஒதுக்கலாம் என்று பொருளல்ல. அந்நோயும் மருந்தால் முற்றிலும் குணமாவதே.

யாங்கோன் வீதிகளில் கன்னத்தில் தனக்கா பூசிச் செல்வோரை அழகென்கிறோம். கோயிலில் நெற்றி நிறையத் திருநீறு அணிகிறோம். கழுவினால் போகும் வெண்மையை விரும்பும் நாம், கழுவினாலும் போகாத வெண்மையைக் கண்டு விலகுவது நியாயமா?

அன்பினாலும் தவறு நேரலாம். காணும் போதெல்லாம் ஒரு புது மருந்தைச் சொல்கிறோம். நல்லெண்ணந்தான். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் தம் உடலுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாகிறது. ஒளிச் சிகிச்சையாலும் களிம்புகளாலும் பலருக்கு நிறம் ஓரளவு திரும்புகிறது. 2022இல் அமெரிக்காவில் ஒரு புதிய களிம்புக்கு அனுமதி கிடைத்தது. அவற்றைத் தோல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவர் விருப்பம். அவர் கேட்டால் மட்டும் நாம் பேசினால் போதும்.

ஆகவே, அன்னதானப் பந்தியில் அவர் அருகில் இலை காலியாயிருந்தால் நாம் போய் அமர்வோம். பிரசாதத்தை அவர் கையில் தொட்டுக் கொடுப்போம். பெண் பார்க்கும்போது, அக்காளுக்கு இருக்கிறதென்று தங்கையைத் தட்டிக் கழிக்காதிருப்போம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான உறவினருக்கு இது வருவதில்லை. நோயின் காரணத்தை ஆராய்ச்சியாளர் தேடட்டும். ஒருவர் தலைகுனிந்து நடப்பதற்கு நாம் காரணமாகாதிருப்போமாக.