புரியாமல் சிரிக்கலாமா?

நண்பர்களே, ஒரு கேள்வி. பொருள் தெரியாத ஒரு பாட்டைப் பார்த்து ஆடுகிறோம், சிரிக்கிறோம், பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? 'பாட்டுதானே, இதுக்குப் போயி கட்டுரையா'ன்னு நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட பாட்டு 'கங்னம் ஸ்டைல்'. 2012 ஜூலை 15-ஆம் தேதி யூடியூபில் வந்தது. நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. அந்தக் குதிரை ஆட்டம் ஆடாத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. பாடியவர் சை, இயற்பெயர் பார்க் ஜே-சாங். பலர் நினைப்பது போல அவர் ஒரே நாளில் முளைத்த ஆள் இல்லை. முதல் ஆல்பம் வந்தது 2001-இல். கங்னம் ஸ்டைல் இருந்தது ஆறாவது ஆல்பத்தில். இடையில் ராணுவக் கடமையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது. முதல் தடவை ராணுவத்துக்குப் பதிலாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்லி மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்கு வயது 34 ஆனபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

வீடியோவை இயக்கியவர் சோ சூ-ஹியுன். படப்பிடிப்பு ஏறக்குறைய 48 மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். இப்போது மறுபடி போட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். முதல் காட்சியில் கடற்கரையில் சாய்ந்து வெயில் காய்வது போல இருப்பார். காமிரா விலகினால் அது பிள்ளைகள் விளையாடும் மணல்திடல். இரண்டு அழகிகளோடு மிடுக்காக நடந்து வருவார், காற்றில் குப்பையும் நுரையும் பறந்து வந்து மூவர் முகத்திலும் அப்பும். பெரிய பார்ட்டி மாதிரி தெரியும், ஆனால் அது வயதானவர்கள் சுற்றுலா போகும் பஸ். கடைசியில் ஒரு கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டே வீரமாகப் பாடுவார். ஒவ்வொரு காட்சியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது: இந்த ஆள் தன்னைப் பெரிய பணக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், ஆனால் இவனிடம் ஒன்றுமே இல்லை.

கங்னம் என்றால் 'ஆற்றுக்குத் தெற்கு' என்று பொருள். சோல் நகரில் ஹான் ஆற்றின் தென்பக்கம். ஒரு காலத்தில் வயலும் தோட்டமுமாக இருந்த இடம், 1970-களுக்குப் பிறகு மடமடவென்று வளர்ந்து பணக்காரர்கள் பேட்டை ஆகிவிட்டது. பங்சார், மோண்ட் கியாரா என்று சொன்னால் நமக்கு என்ன தோன்றுமோ அதை இன்னும் பத்து மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். அங்கே உண்மையாகவே வாழ்கிறவன் 'நான் கங்னம் ஸ்டைல்' என்று சொல்லிக்கொண்டு திரிய மாட்டான். சொல்லித் திரிகிறவன் அந்தப் பேட்டையைச் சேர்ந்தவன் இல்லை. பாட்டில் காப்பி வருவதற்கும் காரணம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டை மலிவாக முடித்துக்கொண்டு, விலையுயர்ந்த கடைக் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைக் கொரியாவில் அப்போது நிறையவே கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. மாதக் கடைசியில் மெகி மீ சாப்பிட்டுக்கொண்டே, பிடிபிடிஎன் கடன் பணம் வந்ததும் போனை மாற்றுகிற கூட்டத்தை நமக்குத் தெரியாதா? என் அறைத்தோழனிடம் இந்தக் காப்பி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "டேய், அது நம்மளப் பத்திதான்லா பாடியிருக்கான்," என்றான். அதேதான். உலகத்துக்கே உறைக்க வேண்டிய கிண்டல் அது. ஆனால் உலகத்தில் யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. புரியாமல் சிரித்ததில் முதல் நஷ்டம் சைக்கு இல்லை, சிரித்தவர்களுக்குத்தான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2012 டிசம்பர் 21-ஆம் தேதி 100 கோடி பார்வைகள். யூடியூபில் அந்த எல்லையைத் தொட்ட முதல் வீடியோ அதுதான். 2014-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. பொறியியல் படிக்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. யூடியூபின் பார்வை எண்ணி 32 பிட் முழு எண். குறை எண்ணுக்கும் இடம் விட்டு வைத்தால், அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. ஒரு வீடியோ அதைத் தாண்டும் என்று முதலில் யாரும் நினைக்கவில்லை. கங்னம் ஸ்டைல் அந்த எல்லையை நெருங்க, எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் புரோகிராமிங் பாடத்தில் 'இன்டிஜர் ஓவர்ஃப்ளோ'வுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் அந்த எண்ணிக்கு ஒரு குணம் உண்டு. புரிந்து பார்த்தவனையும் ஒன்று என்றே எண்ணும், புரியாமல் பார்த்தவனையும் ஒன்று என்றே எண்ணும். 'இது நம்மைச் சொல்கிறது' என்று நெளிந்தவனும் ஒன்று, 'அந்தக் குண்டு ஆள் ஆடுறது செம காமெடி' என்றவனும் ஒன்று. இப்போது பார்வைகள் 500 கோடியைத் தாண்டிவிட்டன. இதில் எத்தனை எந்த வகை என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

'இசைக்கு எதற்குப் பொருள்? நாதஸ்வரம் கேட்டு மயங்குகிறவனிடம் ராகத்தின் பெயரையா கேட்கிறாய்?' என்பார்கள் சிலர். நியாயமான கேள்வி. ராகம் தெரியாமல் நாதஸ்வரம் கேட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் கிண்டல் வேறு சரக்கு. கிண்டலுக்கு ஓர் இலக்கு உண்டு. புரிந்தால் அந்த இலக்கைப் பார்த்துச் சிரிப்போம். புரியாவிட்டாலும் சிரிப்பு நிற்காது, இலக்குதான் மாறிவிடும். சை குறி வைத்தது பொய்ப் பகட்டை. உலகம் சிரித்தது சையைப் பார்த்து. மேற்கு நாடுகளில் ஆசிய ஆண் என்றால் கோமாளி என்ற பழைய பார்வை ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டும் அதில்தான் போய் விழுகிறதா என்று அமெரிக்காவில் வாழும் ஆசியர்கள் சிலர் அப்போதே கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நமக்குப் புதிதா என்ன? ஒரு கலை இரவில் நம் பையன்கள் உருமி மேளம் அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அறிவிப்பாளர் மேடையில் ஒரு சிரிப்புக்காக அதே தாளத்துக்குத் தலையை ஆட்டி, வாயில் வந்ததைத் தமிழ் மாதிரி உளறினார். அதே கூட்டம், அதே அளவு கைதட்டல். முதல் கைதட்டலுக்கும் இரண்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சி கேட்டாள். ரசிக்கப்படுவது வேறு, மதிக்கப்படுவது வேறு என்று சொல்லலாம்தான். ஆனால் கைதட்டலை மட்டும் கேட்டால் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல்.

என் வாதத்துக்கு எதிராக சையையே சாட்சிக்குக் கூப்பிடலாம். வெயில் காலத்தில் மக்கள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் கேலிப் பதிப்பு எடுத்தபோதும் அவர் அதைத் தடுக்கவில்லை. பாட்டு பரவியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். ஆனால் இந்த வீடியோவை எடுக்கும்போதே பதிவான இன்னொரு காட்சியில், மனித சமுதாயம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறது, படம் எடுக்கும்போதே என்னைப் பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது என்கிற பொருளில் பேசுகிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சிரிக்க வைக்க வந்தவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? என்.எஸ். கிருஷ்ணனைப் பார்த்துச் சிரித்த நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2013 பிப்ரவரி 11, சீனப் புத்தாண்டு நேரம், பொதுத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பினாங்கில் ஹான் சியாங் பள்ளித் திடலில் தேசிய முன்னணி நடத்திய திறந்த இல்ல உபசரிப்புக்கு சை வந்தார். மேடையில் அப்போதைய பிரதமர் நஜிப், சையைப் பார்க்கத் தயாரா என்று கேட்டார். கூட்டம் 'யெஸ்' என்றது. தேசிய முன்னணிக்குத் தயாரா என்று கேட்டார். 'நோ' என்றது அதே கூட்டம். நான் இங்கே அரசியல் பேச வரவில்லை. எனக்குப் பிடித்தது கூட்டத்தின் தெளிவு. அந்தக் கொரிய வரிகள் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் பாட்டை வாங்கிக்கொண்டு, பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆக, புரியாமல் ரசிக்கிறவன் எல்லாம் ஏமாளி என்று சொல்ல முடியாது. இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு என் எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

இப்போது என் நிலை இதுதான். முதல் தடவை புரியாமல் சிரிப்பதில் தப்பே இல்லை. கொரிய மொழி படித்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்றால் உலகத்தில் யாரும் ஆட முடியாது. ஆனால் நூறாவது தடவையும் ஒன்றும் கேட்காமல் சிரிப்பது கஞ்சத்தனம். ஒருவனிடமிருந்து இவ்வளவு சந்தோஷத்தை வாங்கிக்கொண்டு, 'நீ என்னப்பா சொல்ல வந்த?' என்று ஐந்து நிமிடம் செலவு பண்ண மனசு வரவில்லை. கையில் இருக்கும் அதே போனில் அதே இரண்டு விரலால் தேடினால் கிடைக்கும். முன்பெல்லாம் 'தெரியாது' என்பது நிஜமான காரணம். நம் தலைமுறைக்கு அந்தச் சாக்கு பாதிதான் செல்லும். எங்கள் விடுதியில் கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பையன் தமிழ்ப் பாட்டு போட்டுக் கேட்பான். ஒவ்வொரு பாட்டுக்கும் வந்து 'இந்த வரிக்கு என்ன அர்த்தம்?' என்று தொல்லை கொடுப்பான். அவன் கேட்ட பிறகுதான் சில வரிகளை நானே நின்று கவனித்தேன்.

கங்னம்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? தங்கள் பேட்டையின் பெயரைச் சொல்லி ஒருவன் உலகம் முழுக்கக் கிண்டல் அடித்துவிட்டான், கோபம் வந்திருக்க வேண்டும் இல்லையா? 2016-இல் கங்னமில் கோயெக்ஸ் கட்டடத்தின் முன்னால் ஒரு பெரிய வெண்கலச் சிலை வைத்தார்கள். குதிரைக் கடிவாளம் பிடிப்பது போல ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்த இரண்டு கைகள். உடம்பு இல்லை, முகம் இல்லை, கைகள் மட்டும்தான். சுற்றுலாப் பயணிகள் அதன் கீழே நின்று ஆடிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்து முடித்ததும் பக்கத்தில் காப்பி குடிக்கப் போவார்கள், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.