பாவத்தைப் பெயரிடுதல்
புன்னைக்காயலில் தங்கி முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி அன்றிக் அடிகளாரின் ‘கொம்பெசியொனாயரு’ (கொச்சி, 1580), பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை வாய்விட்டு அறிக்கையிடுவதற்கு, ஆயத்தம் செய்விக்கும் நூலாகும். சாவான பாவங்களை, அதாவது ஆன்மாவின் அருள்வாழ்வை அழிக்கும் கனமான பாவங்களை, வகையும் தொகையும் சுட்டிச் சொல்ல வேண்டுமென 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் விதித்திருந்ததால், காமத்தையும் வசையையும் இடக்கரடக்கலாகக் கேட்டால் கடலோடிக்கு விளங்காது, துறைக் கொச்சையில் கேட்டாலோ அறியாதவனுக்கும் பாவம் கற்பித்ததாகிவிடும் என்னும் இக்கட்டு எழுகிறது. வசையை ஏவுதல் வேறு, ஏவியதை எடுத்துரைத்தல் வேறு என்று தர்க்கம் எளிதில் பிரித்துவிடும். ஆயினும், தோணியில் கூட்டாளியின் தாயைப் பழித்தவன் முழந்தாளிட்டு அச்சொல்லையே மீண்டும் உச்சரிக்கையில் அவன் நா கூசுவதை அப்பிரிவினை தீர்ப்பதில்லை, தீர்க்கவும் வேண்டியதில்லை. மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி இடையில் நின்றால் அந்த வசை மூன்றாமவர் வாயிலும் ஏறும் என்பதால், அடிகளார் தாமே தமிழ் கற்றுக் கேட்டதே முறை.